கேளுங்க சொல்றேன்: அணைக்கட்டை மாத்துறதுன்னா ஷட்டரை மாத்துறது இல்லீங்க

இந்தத் தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஆத்துத் தண்ணிய வாய்க்காலுக்குத் திருப்புற பழைய அணைக்கட்டுங்கள பத்தித்தான். 2018-ல முக்கொம்பு மேலணை ஒடஞ்சதுல இருந்து ஆத்தோர ஊர்க்காரங்க எல்லாருக்குமே நம்மூர் அணைக்கட்டு மேல ஒரு கண்ணு வந்துடுச்சு, நல்லதுதான். அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இந்தப் பக்கம் முழுசும் இதுக்கே ஒதுக்கிட்டேன்.

மேலணைல 45 ஷட்டர் இருந்த பகுதில ஒம்போது ஷட்டர்தான் அடிச்சிட்டுப் போச்சு, மீதி நல்லாத்தான் நின்னுச்சு. அந்த ஒம்போத மட்டும் திரும்பக் கட்டியிருக்கலாமே சார், எதுக்கு 387 கோடி போட்டு புதுசா ஒரு கதவணை?
*(விவசாயி, லால்குடி பக்கம்)*

நிறைய பேர் கேக்குற கேள்வி இது. நல்லா நின்னுச்சுன்னு நீங்க சொல்றது மேல தெரியுற பாகத்தை வெச்சு. தூணு, பாலம், ஷட்டர் இதெல்லாம் தான் கண்ணுக்குத் தெரியும், ஆனா இந்த மாதிரி மணல் ஆத்துல கட்டுன அணைக்கட்டோட உயிர் இருக்கிறது தண்ணிக்கு அடியில போட்டிருக்கிற தளத்துலயும் அதுக்குக் கீழ இருக்கிற மணல்லயும். ஒம்போது கண்ணுக்கு (ரெண்டு தூணுக்கு நடுவுல ஷட்டர் நிக்குற எடம்தான் கண்ணு) கீழ தளம் போயிடுச்சுன்னா பக்கத்துல இருக்கிற கண்ணுங்களும் அதே வயசு, அதே காரை, அதே மணல். அதுங்க நிக்குதுன்னா இன்னும் விழலன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

மேலணையோட கதைய கொஞ்சம் சொன்னா புரியும். முக்கொம்புல காவிரி ரெண்டா பிரியுது, தெக்க காவிரி, வடக்க கொள்ளிடம். கொள்ளிடம் பக்கம் சரிவு ஜாஸ்தி, கடலுக்குப் போற தூரமும் கம்மி, அதனால தண்ணி அந்தப் பக்கமே எறங்கி ஓடிடும், காவிரி வாயில மணல் மேடு கட்டி தஞ்சாவூர் பக்கம் காய ஆரம்பிச்சுது. அதுக்காகத்தான் வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் 1836-ல கொள்ளிடத்துக்குக் குறுக்க மேலணைய கட்டுனாரு. அப்போ அது அடிப்படைல ஒரு தடுப்புச் சுவரும் சில மதகும் தான், இப்ப நாம பாத்த வரிசை ஷட்டர்லாம் பின்னாடி வந்தது. கட்டுன கொஞ்ச வருஷத்துலயே என்ன ஆச்சு தெரியுமா, இப்ப காவிரி பக்கம் அளவுக்கு மீறி தண்ணி பாய்ஞ்சு அதோட படுகை அரிக்க ஆரம்பிச்சுது, ஒடனே காவிரி தலைப்புலயும் குறுக்க ஒரு தளச்சுவர் போட வேண்டியதாச்சு. ஆத்துக்குள்ள எதை வெச்சாலும் ஆறு அதுக்கு ஒரு பதில் சொல்லும், இதை மறந்துட்டு கட்டுனவங்க எல்லாரும் பின்னாடி செலவு பண்ணியிருக்காங்க.

அதனால 387.60 கோடில புதுக் கதவணை, கொள்ளிடத்தோட தெக்கு கிளையில 45, வடக்கு கிளையில 10, மொத்தம் 55 ஷட்டர், பழசுக்குக் கொஞ்சம் கீழ தள்ளி கட்டுனது சரியான முடிவுன்னு தான் நான் சொல்வேன். காட்டன் காலத்து அணைக்கட்டுங்கள்ல மாத்தப்பட்டது இது மட்டும் இல்ல. கோதாவரில தவளேஸ்வரம் அணைக்கட்டு 1852-ல முடிஞ்சது, அதுக்குப் பதிலா அவர் பேர்லயே பெரிய பாரேஜ், அதாவது கதவணை, 1982-ல வந்துச்சு. விஜயவாடால கிருஷ்ணா அணைக்கட்டு 1952-ல ஒடஞ்சு, 1957-ல பிரகாசம் பாரேஜ் வந்துச்சு. நூறு நூத்தம்பது வருஷம் ஓடுனதே பெரிய விஷயம்ங்க, அதுக்கு மேல எதிர்பாக்குறது நம்ம ஆசை.

நான் சிவில் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். 2018 ஆகஸ்ட்ல கொள்ளிடத்துல லட்சக்கணக்கான கன அடி போனப்ப தாங்குன மேலணை, வெள்ளம் வடிஞ்சு வந்த நேரத்துல, 22-ஆம் தேதி போய் ஒடஞ்சுது. இது எப்படி சார்? வெள்ளத்துல தானே ஒடையணும்?
*(மாணவி, திருச்சி)*

அருமையான கேள்விம்மா. வெள்ளம் உச்சத்துல இருக்கும்போது ஷட்டர் எல்லாம் தூக்கியிருக்கும், மேல் பக்கத் தண்ணி மட்டத்துக்கும் கீழ் பக்கத் தண்ணி மட்டத்துக்கும் பெருசா வித்தியாசம் இருக்காது, கிட்டத்தட்ட ஒரே ஆறா ஓடிட்டு இருக்கும். அந்த நேரத்துல நடக்குற சேதாரம் வேற, கீழ்ப்பக்கம் தளம் முடியுற எடத்துல சுழல் அடிச்சு மணலைக் கிண்டி எடுத்துடும், அது தண்ணிக்குள்ள நடக்குறதால யாருக்கும் தெரியாது. அப்புறம் வெள்ளம் வடியும், ஷட்டரை எறக்குவாங்க, மேல்பக்கம் தண்ணி நிக்கும், கீழ்ப்பக்கம் சரசரன்னு எறங்கிடும். இப்பதான் ரெண்டு பக்கத்துக்கும் மட்ட வித்தியாசம் அதிகம். அந்த வித்தியாசம் தான் தண்ணிய தளத்துக்கு அடியில பூந்து மறுபக்கம் வரச் சொல்லித் தள்ளுது. ஏற்கனவே கீழ்ப்பக்கம் மணல் கிண்டப்பட்டு குழியா இருந்தா, தண்ணி அடியில நடந்து வெளிய வர்ற தூரம் கொறஞ்சிடுச்சு, அது வரும்போது மணலையும் கூட்டிட்டு வரும். கொஞ்சம் கொஞ்சமா தளத்துக்கு அடியில பொந்து விழும், ஒரு நாள் தூணு உக்காந்துடும். மேலணைல குறிப்பா எது எந்த வரிசைல நடந்துச்சுங்கற தீர்ப்பை நான் சொல்ல வரல, மணல் அள்ளுனதுதான் காரணம்னு விவசாயிங்க சொன்னாங்க, வயசும் தொடர்ந்து வந்த வெள்ளமும்னு அரசு தரப்புல சொன்னாங்க. ஆனா வெள்ளத்தைத் தாண்டிட்டு வடியும்போது விழறதுங்கறது இந்த வகைக் கட்டுமானத்துக்குப் புதுசு இல்ல.

உன் பாடத்துலயே வரும், 1898-ல கங்கைல நரோரா அணைக்கட்டு ஒடஞ்ச பிறகுதான் அடியில ஊர்ற தண்ணிய பத்தி உருப்படியா யோசிக்கவே ஆரம்பிச்சாங்க. பிளைங்கற இன்ஜினியர் 1910 வாக்குல ஒரு கணக்கு சொன்னாரு, மணல் எவ்வளவு நைசா இருக்கோ அவ்வளவு நீளத்துக்குத் தண்ணிய அடியில நடக்க விடணும், கரடு மணல்னா 1 மீட்டர் உயர வித்தியாசத்துக்கு 12 மீட்டர், நைஸ் மணல்னா 15 மீட்டர். அப்புறம் 1936-ல கோஸ்லாங்கற இன்ஜினியர் வந்து, நீளம் மட்டும் பத்தாது, தண்ணி வெளிய வர்ற கடைசி எடத்துல எவ்வளவு வேகமா மேல முட்டுதுங்கறது தான் முக்கியம், அங்க கண்டிப்பா ஆழமா ஒரு தடுப்புச் சுவர் நிக்கணும்னு காட்டுனாரு. காட்டன் காலத்து ஆளுங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் இல்ல, அனுபவத்துல கெணறு எறக்கி அது மேல கட்டுனாங்க.

எங்க ஊர்ல அமராவதிக்குக் குறுக்க பழைய கல் அணைக்கட்டு, அதுல இருந்துதான் எங்க வாய்க்காலுக்குத் தண்ணி. இப்ப தண்ணி அடியில பூந்து போயிடுது, வாய்க்கால் தலைமதகுக்கு ஏறவே மாட்டேங்குது, வருஷா வருஷம் மணல் மூட்டையும் தழையும் போட்டு கொரம்பு கட்டித்தான் திருப்புறோம். ஆபீஸ்ல கேட்டா மேல ஒரு அடி கான்கிரீட் ஏத்த எஸ்டிமேட் போடுறோம்ங்கறாங்க. அது போதுங்களா?
*(பாசன சங்கத்துக்காரர், கரூர் மாவட்டம்)*

போதாதுங்க. பல எடத்துல உள்ளதும் போச்சுன்னு ஆகிடும், ஏன்னா மேல ஒரு அடி ஏத்துனா அடியில தள்ளுற அழுத்தமும் ஒரு அடி ஏறுது. ஓட்டை அடியில இருக்கும்போது வெயிட்டை மேல ஏத்துற வேலை அது.

எஸ்டிமேட்டுக்கு முன்னாடி நீங்களே மூணு விஷயம் பாத்துடுங்க, இதுக்கு எந்த இன்ஜினியரும் வேண்டாம். மொதல்ல, ஆத்துல தண்ணி கொறச்சலா இருக்கிற நாள்ல அணைக்கட்டுக்குக் கீழ எறங்கி நின்னு, ஊத்து வர்ற எடத்தை எல்லாம் பாருங்க. சும்மா தெளிஞ்ச தண்ணி கசிஞ்சா அது ஒரு ரகம். மணல் கொதிக்கிற மாதிரி கொப்பளிச்சு, சுத்தி வட்டமா சின்ன மணல் வரப்பு கட்டியிருந்தா அது வேற ரகம். ஒரு ட்ரான்ஸ்பரன்ட் பாட்டில்ல அந்த ஊத்துத் தண்ணிய புடிச்சு அரை மணி நேரம் நிழல்ல வெச்சுப் பாருங்க, அடியில மணல் தங்குனா உங்க அணைக்கட்டு உள்ள இருந்து காலியாகிட்டு இருக்குன்னு அர்த்தம். அதை போட்டோ எடுத்து, எந்த எடம்னு கரையில இருந்து அளந்து குறிச்சு வெச்சு, அந்தப் பேப்பரோட ஆபீஸ்க்குப் போங்க, பேச்சே மாறும்.

ரெண்டாவது, கீழ்ப்பக்கம் ஆத்து மட்டம் எவ்வளவு எறங்கியிருக்குன்னு பாருங்க. உங்க ஊர் பெரியவங்களக் கேளுங்க, முன்னாடி தளத்துல இருந்து மணலுக்குக் கால் எடுத்து வெச்சு எறங்குனோமா இப்ப குதிச்சு எறங்குறோமான்னு. தளத்தோட விளிம்பு அந்தரத்துல தொங்குதுன்னா, அதுக்கு அடியில கைய விட்டா கல்லுக்குக் கல் காலியா இருக்குன்னா, பிரச்சனை அணைக்கட்டுல இல்ல, ஆறே கீழ எறங்கிடுச்சு. மேல அணை கட்டிட்டா மணல் அங்கயே தங்கிடுது, கீழ வர்ற தண்ணி மணலுக்கு அலையும், போற வழில இருக்கிற படுகையைத்தான் அரிக்கும், போதாக்குறைக்கு லாரில வேற அள்ளிட்டுப் போறாங்க. காவிரில மேட்டூர் 1934-ல வந்ததுல இருந்து இந்தக் கதைதான், அமராவதிலயும் அணை இருக்கு.

மூணாவது, தலைமதகுக்கு முன்னாடி மணல் மேடு இருக்கா, மணல்போக்கி (சேர்ற மணலை ஆத்துக்கே அடிச்சு விடுற மதகு) வேலை செய்யுதா. நிறைய பழைய அணைக்கட்டுல மணல்போக்கி மதகை யாரோ எப்பவோ கல்லு வெச்சு அடைச்சிருப்பாங்க, தண்ணி வீணாப் போகுதுன்னு. அதை அடைச்சா மணல் நேரா உங்க வாய்க்காலுக்குள்ள தான் வரும், அப்புறம் வருஷா வருஷம் தூர்வாருறதுக்குப் பணம் கட்டுவீங்க.

இப்ப முடிவு. ஊத்து தெளிவா இருக்கு, ஆத்து மட்டம் பெருசா எறங்கலன்னா புது அணைக்கட்டு கேட்டு வருஷக்கணக்கா அலைய வேண்டாம், சிமென்ட் பால் ஏத்தி உள்ள இருக்கிற பொந்தை அடைச்சு, கீழ் விளிம்புல ஒரு தடுப்புச் சுவர் எறக்கி, தளத்தைத் தாண்டி கான்கிரீட் பிளாக் பரப்புனா இன்னும் ரொம்ப நாள் ஓடும். மணலும் வருது, மட்டமும் எறங்கிடுச்சுன்னா மாத்தித்தான் ஆகணும், அப்ப சங்கத்துல இருந்து கேக்க வேண்டியது என்னன்னா, போர் போட்டு அடியில எத்தனை ஆழத்துக்கு மணல், எங்க களி, எங்க பாறைன்னு பாத்தாங்களா, மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் தடுப்புச் சுவர் எவ்வளவு ஆழம், கீழ்த் தளத்தை இன்னைக்கு இருக்கிற ஆத்து மட்டத்துக்குப் போடுறாங்களா இல்ல இன்னும் எறங்கும்னு கணக்கு வெச்சுப் போடுறாங்களா. கடைசியா தலைமதகோட அடிமட்டம். இத ஆத்துல நின்னு முடிவு பண்ணக்கூடாது, கடைமடை வயல்ல லெவல் மிஷினை வெச்சு அங்க இருந்து பின்னோக்கி வரணும். அரை அடி தப்புனா கூட அணைக்கட்டு பளபளன்னு நிக்கும், வாய்க்கால் பாதிக்கு மேல ஏறாது, நீங்க புது அணைக்கட்டுக்கு முன்னாடியும் கொரம்பு போட்டுட்டு இருப்பீங்க.

இன்னொண்ணு, இது என் சொந்த அபிப்பிராயம். சின்ன அணைக்கட்டுக்கு ஆறு முழுக்க ஷட்டர் வெக்கச் சொல்லிக் கேக்காதீங்க. நடுவுல தண்ணி வழிஞ்சு ஓடுற சுவர், வாய்க்கால் பக்கம் மட்டும் ரெண்டு மூணு மணல்போக்கி ஷட்டர், அது போதும். கல் சுவருக்கு ஷட்டர் பாத்துக்குற லஸ்கர் வேண்டாம், கிரீஸ் வேண்டாம், ராத்திரி ரெண்டு மணிக்கு வெள்ளம் வந்தா யாரும் ஓட வேண்டாம்.

வேலை நடக்குற ரெண்டு மூணு வருஷமும் எங்களுக்குத் தண்ணி வருமா வராதா? குறுவை போச்சுன்னா போகட்டும், சம்பாவாவது?
*(வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்)*

ஒழுங்கா பிளான் பண்ணா வரும். டெல்டாவுல வழக்கமான கணக்கு ஜூன் 12-ல மேட்டூர் திறப்பு, ஜனவரி 28-ல மூடுறது, அப்போ ஆத்துக்குள்ள எறங்கி வேலை செய்ய நாலரை மாசம் தான் சுத்தமா கெடைக்கும். அதுக்குள்ள முழு கதவணையும் கட்ட முடியாது, அதனால ஆத்தை ரெண்டு மூணு துண்டாப் பிரிச்சு, ஒரு துண்டைச் சுத்தி மண் கரை போட்டு, உள்ள தண்ணிய எறைச்சுட்டு அடித்தளம் போடுவாங்க, ஆறு மீதிப் பக்கம் ஓடும். ஜூன் வர்றதுக்குள்ள தளம் தண்ணி மட்டத்துக்கு மேல வந்துட்டா தூணு, பாலம், ஷட்டர் எல்லாம் தண்ணி ஓடும்போதே பண்ணலாம். புதுசைப் பழசுக்குப் பக்கத்துலயே கீழ தள்ளிக் கட்டுறதுக்கும் இதுதான் காரணம், புதுசு முடியுற வரைக்கும் பழசு தண்ணிய திருப்பிட்டே இருக்கும். எகிப்துல நைல் மேல 1902-ல கட்டுன அசியூட் பாரேஜுக்குப் பதிலா 2018-ல புதுசு தொறந்தாங்க, அதுவும் பழசுக்குக் கீழ தள்ளித்தான். பாகிஸ்தான்ல செனாப் ஆத்துல கான்கி அணைக்கட்டுக்கும் அப்படியே.

ஆனா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு, அதை யாரும் வெளிய பேசுறது இல்ல. கீழ பெரிய குழி தோண்டி ராத்திரி பகலா மோட்டார் போட்டு தண்ணிய எறைச்சா, பழைய அணைக்கட்டோட ரெண்டு பக்க மட்ட வித்தியாசம் இன்னும் கூடுது. ஏற்கனவே நோயாளி, அதோட காலுக்கிட்டயே குழி. அதனால தோண்டுறதுக்கு முன்னாடி நடுவுல இரும்புத் தகடு அடிச்சு எறக்கியிருக்காங்களான்னு பாருங்க, எறைக்கிற தண்ணில மணல் வருதான்னும் பாருங்க. அங்கயும் நான் மேல சொன்ன பாட்டில் டெஸ்ட் செல்லும்.

புதுசா கட்டுறதுதான் கட்டுறீங்க, அரை மீட்டர் ஒசத்திக் கட்டுனா கூடுதலா தண்ணி தேங்குமே?
*(வாசகர், சேலம்)*

அரை மீட்டர்னு சொல்றது ஈசி. பிளை கணக்குப்படி அடியில தண்ணி நடக்க வேண்டிய நீளம் 6-ல இருந்து ஏழரை மீட்டர் கூடும். அடியில இருந்து தூக்குற அழுத்தத்தைத் தளம் தன் வெயிட்டால தான் தாங்கணும், 1 மீட்டர் தண்ணிக்கு முக்கால் மீட்டர் கனம் கான்கிரீட், பாதுகாப்பு சேர்த்தா கிட்டத்தட்ட 1 மீட்டர், அப்போ அரை மீட்டருக்கு அரை மீட்டர் கனம், ஆத்தோட முழு அகலத்துக்கும். மேல்பக்கம் கரையெல்லாம் ஒசத்தணும், வந்து சேர்ற ஓடைங்க வடியாம வயலுக்குள்ள நிக்கும், தேங்குற எடத்துல மணலும் சேரும். மாயனூர் கதவணைல 98 ஷட்டரோட 1 டி.எம்.சி.க்குப் பக்கமா தேக்குறாங்களேன்னு கேப்பீங்க, அது ஆரம்பத்துலயே தேக்குறதுக்குன்னு போட்ட டிசைன். திருப்புறதுக்குக் கட்டுறதுல கடைசி நேரத்துல தேக்குற ஆசையைச் சேக்குறது எனக்குப் பிடிக்காத வேலை.

கல்லணை ரெண்டாயிரம் வருஷமா நிக்குது, இப்ப கட்டுறது எதுவும் நூறு வருஷம் தாங்கல. நம்ம முன்னோர் டெக்னிக்கை ஏன் விட்டோம்?
*(பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகர்)*

விடலைங்க. ஆழம் தெரியாத மணல்ல கல்லை எறக்கி எறக்கி அடித்தளம் கட்டுற வித்தையை கல்லணைல இருந்துதான் கத்துக்கிட்டோம்னு காட்டனே ஒத்துக்கிட்டாரு. ஆனா கரிகாலன் போட்டது அப்படியே தொடாம நிக்குதுன்னு நெனைக்காதீங்க, 1804-ல மேல கல் வெச்சு ஒசத்துனாங்க, 1830 வாக்குல மணல்போக்கி மதகு வெச்சாங்க, அப்புறம் காவிரிக்கும் வெண்ணாத்துக்கும் ரெகுலேட்டர், 1934-ல கல்லணைக் கால்வாய். கல்லு எறங்க எறங்க மேல கல்லு போட்டுட்டே வந்ததால தான் நிக்குது. வருஷா வருஷம் கை வெச்சாங்க.

ஷட்டர் மட்டும் பழசு, தளம் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. ஷட்டரை எப்ப மாத்தணும்?
*(வாசகி, காட்டுமன்னார்கோயில்)*

ஷட்டர் தகடு துருப்பிடிச்சா கண்ணுக்குத் தெரியும், பெயின்ட் அடிச்சு ஒப்பேத்துவாங்க. ஆளைக் கவுக்குறது செயின், கம்பிவடம், ரோலர், பக்கவாட்டு ரப்பர் சீல். 2024 ஆகஸ்ட் 10 ராத்திரி துங்கபத்ரால 19-ஆவது கேட்டோட செயின் அறுந்து கேட்டே போச்சு, அது அணை, உங்களது அணைக்கட்டு, ஆனா இரும்பு ரெண்டுலயும் இரும்புதான். உங்க பக்கம் கீழணை கதவுங்களை நம்பித்தான் வடவாறு வழியா வீராணத்துக்கே தண்ணி வருது, அதனால கேள்வி சரியான எடத்துல இருந்து வந்திருக்கு. சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஷட்டரையும் முழுசா மேல தூக்கி முழுசா கீழ எறக்கிப் பாக்கச் சொல்லுங்க, பாதில நின்னு முக்குற ஷட்டர் நம்பரைக் குறிச்சு வாங்கிக்குங்க. அப்புறம் ஷட்டருக்குப் பதிலா எறக்குற ஸ்டாப் லாக் பலகை இருக்கா, அதை எறக்குற காடி சுத்தமா இருக்கா, தூக்குற கிரேன் ஓடுதான்னு கேளுங்க. ஷட்டர் போனா அந்தக் கண்ணை அடைக்க அதுதான் கைவசம் இருக்கிற ஒரே வழி, பல எடத்துல அது குடோன்ல கரையான் அரிச்சுக் கெடக்கும், இல்லன்னா அளவு சேராது.

கேள்விகளைப் போஸ்ட்கார்டுல அனுப்பினாலும் சரி, வாட்ஸப்ல அனுப்பினாலும் சரி, ஆத்து பேரும் வாய்க்கால் பேரும் சேர்த்து எழுதுங்க, அது இல்லாம பதில் சொல்றது கஷ்டம்.